நெய்தல் மணலில் ஒரு காவல்



ஆமைக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது ஊர்ப் பழமொழி. ஐம்பொறி அடக்கத்திற்கு ஆமையை உவமையாக்கியது திருக்குறள். வாசலில் அது தீக்குறி. அறநூலில் அதுவே ஆசான். ஆனால் கடலாமை இவ்விரண்டிலும் அடங்காது. குளத்தாமையைப்போல் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. துடுப்புகளாகிவிட்ட கால்கள் எப்போதும் வெளியிலேயே நிற்கும். ஓடு இருந்தும் ஒடுங்க இடமில்லாத உயிர் அது. அதைக் கரையில் நின்று கண்டு பாடியவர்கள் நெய்தல் திணைப் புலவர்களே.

அகநானூற்றின் 160ஆம் பாட்டு குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியது. நிறைசூல் கொண்ட பெண் ஆமை மணல்மேட்டில் முட்டையிட்டு மறைத்துச் செல்கிறது. வட்டு வடிவில் புலால் நாறிக் கிடக்கும் அம்முட்டைகளைக் குஞ்சு வெளிப்படும் நாள்வரை ஆண் ஆமை பேணிக் காக்கிறது. இது புலவர் தீட்டும் காட்சி. முட்டையின் வடிவும் மணமும், புதைத்து மறைக்கும் செயலும் இன்றைய உயிரியல் கூறுவதோடு அப்படியே பொருந்துகின்றன. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ஆண் ஆமை காவல் காப்பதில்லை. முட்டையிடக் கரையேறுவது பெண் ஆமையே. அதுவும் ஒருமணி நேரத்திற்குள் குழியை மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குள் சென்றுவிடும்.

புலவர் பிழைபட்டார் என்று இதனைத் தள்ளிவிடலாமா? காப்பார் இன்றி ஓர் உயிர் மணலில் கிடப்பதைப் புலமை நெஞ்சம் ஏற்கவில்லை. இல்லாத காவலனை அது படைத்துக்கொண்டது எனக் கொள்வதே தகும். அந்தக் காவலன் ஈராயிரம் ஆண்டுகள் பாட்டில் மட்டுமே இருந்தான். அண்மைக் காலத்தில்தான் அவன் மணலுக்கு வந்திருக்கிறான்.

தமிழகக் கரைக்கு மிகுதியாக வருவது பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச்சு வரை அது கரையேறும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைகளுக்குமேல் இருக்கும். மணலின் வெம்மையே அவற்றை அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் அவ்வெம்மையே. வெம்மை மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் மணலைக் கிளறி வெளிவருகின்றன. இருளில் ஒளிரும் கடலை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. கரையில் தெருவிளக்கு எரிந்தால் அதையே கடலென்று எண்ணி எதிர்த்திசையில் ஓடி மடிகின்றன. நாயும் நண்டும் காக்கையும் எஞ்சியவற்றைக் கொள்கின்றன. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து ஆளாவதே அரிது என்பர்.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இயற்கை ஆர்வலர் சிலர் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடத் தொடங்கினர். அவருள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயில வந்தவர், கடலாமையின் பின்னே போய்விட்டார். இந்தியக் கரைகளில் 4,000 கிலோமீட்டருக்குமேல் கால்நடையாகவே நடந்து கணக்கெடுத்தார். 1982இல் இலட்சத்தீவுகளில் ஆளில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனித்துத் தங்கினார். மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார்; இலங்கை மீனவர் ஒருவர் அதைக் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பி வைத்தார். கடலைத் தூதுவிட்ட இச்செய்தி நெய்தற் பாட்டாகவே ஒலிக்கிறது. அவர் 2023இல் மறைந்தார்.

1988இல் சென்னை மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பிற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஊதியம் இல்லாத தொண்டு அது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நள்ளிரவு முதல் விடியும்வரை நடக்கின்றனர். துடுப்புக்கால் உழுத தடம் தென்பட்டால் மணலைக் கோலால் மெல்லத் துழாவிக் குழியைக் கண்டறிகின்றனர். முட்டைகளை உருட்டாமல் எடுத்து, விரைந்து பொரிப்பகத்திற்குக் கொண்டுசென்று, ஆமை தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி செய்து புதைக்கின்றனர். குஞ்சு வெளிப்படும் நாளில் அலையோரத்தில் விடுகின்றனர். நப்பசலையார் கண்ட காவல் இதுவன்றோ!

ஆனால் முட்டையைக் காத்துவிட்டால் ஆமையைக் காத்ததாகிவிடாது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர இயலாவிட்டால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துபோகும். இரவெல்லாம் முட்டையைத் தேடி நடந்தவர்கள், காலையில் தாயாமையின் உடலைக் கடந்து செல்ல நேர்ந்தது. காவல் கரையில் மட்டும் இருந்தால் போதாது, வலையின் அருகிலும் வேண்டும் என்பதை அவ்வுடல்கள் உணர்த்தின.

வலையின் அருகில் இருப்பவர் யார்? மீனவர். இங்கேதான் நாஞ்சில் நாட்டுக் கரையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீண்ட இக்கரைக்கும் கடலாமை புதிதன்று. இன்றோ பல ஊர்களில் மணல் இருந்த இடத்தில் கற்சுவர் நிற்கிறது. ஆமை அதன்மேல் ஏற முடியாது. எனினும் அச்சுவரை எழுப்பியவர்களைப் பழிப்பது அறமாகாது. 2004 ஆழிப்பேரலையில் குளச்சலும் மணக்குடியும் இழந்தவை ஏராளம். 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் பலர் திரும்பவே இல்லை. கடலுக்குப் போனவனைத் தேட உரிய நேரத்தில் எவரும் வரவில்லை என்று கரையில் நின்று கதறிய ஊர்கள் அவை. அத்தகைய ஊரில் போய் ஆமையைக் காக்க வேண்டும் என்று சொன்னால், “எங்களைக் காத்தவர் யார்?” என்று கேட்க மாட்டார்களா? அந்த வினாவிற்கு விடை கூறாத பாதுகாப்பு நெடுநாள் நிலைக்காது.

ஆப்பிரிக்கக் காடுகளில் யானைக்கும் காண்டாமிருகத்திற்கும் தொண்டு செய்யவென்று பணம் கட்டிச் செல்லும் மேலைநாட்டு இளைஞர் பலர் உண்டு. அக்கண்டத்திலிருந்து கற்க வேண்டியது வேறொன்று. கென்யாவின் வட்டமு கடற்கரையில் 1997இல் தொடங்கிய ஓர் அமைப்பு, வலையில் அகப்பட்ட ஆமையை உயிரோடு ஒப்படைக்கும் மீனவர்க்கு ஒரு சிறு தொகை அளிக்கிறது. அது ஆமைக்கு விலையன்று. அறுந்த வலைக்கும் கெட்ட பொழுதுக்கும் ஈடு. மீனவனைக் குற்றவாளியாக நிறுத்தாமல் காவலனாக அழைக்கும் வழி அது. ஆமை சிக்காமல் வெளியேறும் வாயில் பொருத்திய இழுவலைகளும் உள்ளன. அவற்றின் செலவையும் மீன் இழப்பையும் மீனவன் தலையில் மட்டும் சுமத்தினால், வலையில் வாயில் இருந்தும் பயன் இராது.

கவிஞர் பெருமக்களுக்கு இதில் என்ன பணி? முதற்பணி, உற்றுப் பார்த்தல். முட்டையின் வடிவையும் நாற்றத்தையும் பதிவு செய்த பழம்புலமை, மணலுக்கு அருகில் நின்று பிறந்தது. மின்விளக்கில் திசை மயங்கிய குஞ்சும், கற்சுவரில் மோதித் திரும்பும் தாயும், திரும்பி வராத வள்ளமும் ஒரே நெய்தலின் கருப்பொருள்கள். ஆமைக்கு இரங்கி மீனவனை மறப்பதும், மீனவனுக்கு இரங்கி ஆமையை மறப்பதும் பாதி நெய்தலே ஆகும்.

பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்று கடலாமைகளைப் பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் கடற்கரை மக்களே. பெயர் சொல்லத் தெரிந்தவனே காக்கவும் தகுதியுடையவன். அவனுக்குத் துணைநிற்பது ஏனையோர் கடமை. நப்பசலையார் பாட்டில் நிற்கும் அந்தக் காவலனின் இடம் இன்னும் முழுமையாக நிரம்பவில்லை.