பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்வது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கான்கிரீட்டைப் பற்றி என்றால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். "நீதான் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறியே, அதைப் பத்திப் பேசு" என்று சங்கச் செயலாளர் மடக்கிவிட்டார். அவரிடம் மறுத்துப் பேசி ஜெயித்தவர் நம் செட்டில் யாருமில்லை.

நாகர்கோவில் பக்கம் எங்கள் பங்கில் ஆறு வருஷமாகப் பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயார் செய்கிறேன். எட்டு, ஒன்பது வயசு. என் பாட்டி எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே ஆரம்பித்தேன்: பத்துக் கட்டளை, அப்புறம் பாவங்களின் பட்டியல். கடகடவென்று ஒப்பித்தார்கள். முதல் பாவசங்கீர்த்தனம் முடிந்து வந்த ஒரு பையன், "சார், எனக்கு நாலு, அவனுக்கு ஏழு" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொன்னான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் புரட்டினேன். அறநெறி வாழ்வைப் பற்றிய மூன்றாம் பகுதியில் கட்டளைகள் பிந்தித்தான் வருகின்றன. மனிதன் கடவுளின் சாயல் என்பது முதலில். அடுத்ததே மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் பேறுகள், மனிதன் பேரின்பத்துக்கு அழைக்கப்பட்டவன் என்று. நானோ வீட்டைக் காட்டாமல் காம்பவுண்டுச் சுவரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பேறுகளை எடுத்தேன். துயரப்படுகிறவர்களும் பேறுபெற்றவர்கள் என்றதும் ஒரு சிறுமி, "அழுறவங்க எப்படி சார் சந்தோஷமா இருப்பாங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பின் பெஞ்சுப் பையன் எழுந்தான். "எங்க தாத்தா செத்தப்போ தெருவே எங்க வீட்ல வந்து உக்காந்துச்சு சார். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குச் சோறு ஊட்டுனாங்க." சந்தோஷமாக இருந்ததாக அவன் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிறுமி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புனிதர் என்றால் பிள்ளைகளுக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சுரூபம்தான். அதனால் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு வேனில் கூட்டிப்போனோம். 1752-இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடம். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் குருவானவர் இல்லை. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், குடும்பஸ்தர். "அப்ப உங்களை மாதிரி வேலைக்குப் போனவரா சார்?" என்றார்கள். ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாளில் பொங்கல் வந்தது. விடுமுறையில் எங்கள் சைட்டில் புதிதாகப் போட்ட ஸ்லாபுக்கு நாலு நாள் யாரும் தண்ணீர் விடவில்லை. விட்டதாக ரிஜிஸ்டரில் எழுதிவிடு என்று மேலேயிருந்து உத்தரவு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். நாலு நாளைக்கு நாலு பேனா வேண்டுமே! மகளின் டப்பாவிலிருந்து எடுத்தேன். அவளும் அந்த வருஷம் என் வகுப்பில்தான். பக்கத்தில் வந்து நின்று, "ஏம்ப்பா பேனாவை மாத்தி மாத்தி எழுதுறீங்க?" என்றாள்.

எட்டாம் கட்டளையை அவளுக்குச் சொல்லித்தந்தவன் நான்தான்.

காலையில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, நடந்ததை எழுதி, ஸ்லாபைச் சோதிக்க வேண்டும் என்று கடிதமும் கொடுத்தேன். மேலதிகாரி கத்தினார். ஸ்லாபைச் சோதித்தார்கள், என்னை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அந்த வருஷ இன்கிரிமென்ட்டும் போச்சு. சந்தோஷமாக இருந்தேனா? முதல் வாரம் இல்லை, வீட்டுக் கடன் தவணைதான் மனசில் ஓடியது. ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதினது பொய் என்பது உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என் ஜெல் பேனா எங்கப்பா?" என்றாள். அது பழைய சைட்டிலேயே தங்கிவிட்டது.

செயலாளர் மணியடிக்கிறார். பந்தி போட்டாயிற்றாம்.