கிட்டப்பார்வை தொடங்கும் வயது

கண் மருத்துவர்கள், ஆப்டோமெட்ரிஸ்டுகள், தலைமையாசிரியர்கள், பொதுச் சுகாதாரத் துறையினர் என வெவ்வேறு இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இன்று ஒரே கூடத்தில் கூடியிருக்கிறார்கள். குழந்தைகளின் கிட்டப்பார்வையைப் பற்றிப் பேச இப்படியொரு கூட்டம் கட்டாயம் தேவை. மருந்துச் சீட்டு எழுதுபவரால் ஆகிற காரியம் பாதிதான். அதற்கு முந்தைய பாதி பள்ளியில் நேர அட்டவணை போடுபவர் கையில் இருக்கிறது.

கண் மருத்துவமனைகளில் தினமும் நடப்பதுதான் இது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது. மிஸ் சொல்லியனுப்பிய பிறகுதான் வீட்டில் தெரியவருகிறது. மூக்கில் நிற்காமல் நழுவும் சோதனைச் சட்டத்தை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு மைனஸ் ஒன்றரை லென்ஸைப் போட்டதும், கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுகிறது. உடனே அம்மா கேட்கிறார்: “கண்ணாடி போட்டா பவர் ஏறிடுமா டாக்டர்? கேரட் குடுத்தா சரியாயிடுமா? பெரியவளானதும் லேசர் பண்ணிக்கலாம்ல?” மூன்றுக்கும் பதில் உண்டு. அவர் கேட்காமல் விட்ட ஒன்றுதான் இந்தக் கருத்தரங்கின் கேள்வி: ஏழு வயதிலேயே இது ஏன் தொடங்கியது?

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அது 23 முதல் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி உரிய இடத்தில் நிற்காமல் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் சுமார் இரண்டரை டயாப்டர் மைனஸ் பவர் வந்துவிடும். லேசர் சிகிச்சை கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்ற வழி செய்கிறது. நீண்டுபோன விழிக்கோளமும் அதோடு இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்கு நடுத்தர வயதில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய், மையப் பார்வையை அரிக்கும் மாக்குலா சிதைவு ஆகியவை வரும் வாய்ப்பு அதிகம். பவர் ஏற்றத்தில் ஒரு டயாப்டரைத் தடுத்தாலே மாக்குலா சிதைவு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று புல்லிமோர், பிரென்னன் இருவரும் 2019இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பவர் வேகமாக ஏறுவது பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயது வரைதான். ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்கு ஏறுவதற்கு எட்டொன்பது ஆண்டுகள் இருக்கின்றன. பதினொன்றில் தொடங்கினால் அதில் பாதிதான். ஆகவே, தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே முதல் சிகிச்சை. இந்த மேடை முன்வைக்கும் வாதம் அதுதான்.

அப்பா அம்மாவுக்கு இருப்பதால் பிள்ளைக்கும் வருகிறது என்ற விளக்கம் நெடுங்காலம் போதுமானதாகத் தோன்றியது. 1977இல் டார்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா இருவரும் பிறந்த குரங்குக் குட்டிகளின் இமைகளைத் தைத்து மூடிப் பார்த்தபோது, மூடிய கண் அளவுக்கு மீறி நீண்டிருந்தது. கண் தான் பார்ப்பதை வைத்தே தன் வளர்ச்சியைச் சீராக்கிக்கொள்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடும் என்பது இன்றும் உண்மை. ஆனால் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் கிழக்காசிய நகரங்களில் இது பரவிய வேகத்தை மரபணுவைக் காட்டி விளக்க முடியாது.

இதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியது கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒப்பீடு. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதில் அவர்கள் பரிசோதித்தார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். பெற்றோரிடம் அது காணப்பட்ட விகிதம் இரு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் படித்த புத்தகங்களும் குறைவில்லை. பெரிய வேறுபாடு வெளியில் இருந்த நேரத்தில்தான்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

பிறகு வந்தவை தலையீட்டு ஆய்வுகள். தைவானின் காவ்ஷியோங் பகுதியில் ஒரு பள்ளி, இடைவேளையில் வகுப்பறையைக் காலி செய்து பிள்ளைகளை வெளியே அனுப்பியது. ஓராண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம், வழக்கம்போல் நடந்த பக்கத்துப் பள்ளியில் 17.65 சதவீதம். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. தினம் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைச் சேர்த்த பள்ளிகளில், மூன்றாண்டு முடிவில் 30.4 சதவீதம் பேருக்கு வந்தது. சேர்க்காத பள்ளிகளில் 39.5. அந்த 40 நிமிடத்துக்குப் பள்ளிகள் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று கிடைத்தது, யாரும் திட்டமிடாமலே. சீனாவின் ஃபெய்செங்கில் பள்ளிப் பிள்ளைகளின் கண்களை ஆண்டுதோறும் சோதித்துவந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஊரடங்குக்குப் பின் 2020இல் அது 21.5 சதவீதம்.

வெளிச்சம் எப்படித் தடுக்கிறது? பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைனைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது விலங்கு ஆய்வுகளின் துணையோடு பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால் திறந்தவெளியில் அது பல்லாயிரம். நம்மூர் வெயிலில் பிள்ளையை எப்படி நிறுத்துவது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. 1,000 லக்ஸைத் தாண்டிய வெளிச்சத்தில் கூடுதல் நேரம் இருந்த பிள்ளைகளுக்குப் பவர் ஏற்றம் குறைந்ததைத் தைவான் ஆய்வொன்று 2018இல் காட்டியது. மர நிழலிலும் திறந்த தாழ்வாரத்திலும் அந்த வெளிச்சம் கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் பி.டி. பீரியட் என்ன ஆகிறது என்பது இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அதற்குள் அறிவியல் மிஸ் வந்து நிற்பார். டெல்லியில் 9,884 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிங்கப்பூர் போன நிலைக்கு நாம் இன்னும் போய்ச் சேரவில்லை. தடுக்க அவகாசம் இருக்கும்போதே அந்தப் பீரியடைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

தொடங்கிவிட்ட பிள்ளைகளைக் கைவிட முடியாது. வந்த பிறகு ஏற்றத்தைக் குறைப்பதில் வெளி விளையாட்டின் பங்கு அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. அங்கேதான் மருந்துக்கும் லென்ஸுக்கும் இடம். முதலில், பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்ற பழைய நம்பிக்கை ஒழிய வேண்டும். மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது. முழுப் பவர் கண்ணாடியை நாள் முழுக்கப் போட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில். கேரட் நல்ல உணவு. கண்ணின் நீளத்தை அது குறைக்காது.

குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்தில் 0.01 சதவீதம் நம்மிடையே மிகவும் பழகிப்போனது. அதைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதே சரி. ஹாங்காங்கின் லேம்ப் ஆய்வில், முதல் ஆண்டில் 0.05 சதவீத மருந்து பவர் ஏற்றத்தை 67 சதவீதம் குறைத்தது, 0.01 குறைத்தது 27 சதவீதம்தான். கண் நீள்வதில் அதன் விளைவு இன்னும் சொற்பம். அமெரிக்காவில் 2023இல் வெளியான ஆய்வில் 0.01 சதவீதத்துக்கும் மருந்தில்லாத சொட்டுக்கும் வேறுபாடே தென்படவில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினால், குறிப்பாக அடர்த்தி கூடியதாக இருந்தால், பவர் மீண்டும் வேகம் பிடிக்கிறது என்பதைச் சிங்கப்பூர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்ட டிம்ஸ் என்ற தனிவகைக் கண்ணாடி இரண்டாண்டில் ஏற்றத்தைப் பாதியளவு குறைத்தது. இரவில் அணியும் ஆர்த்தோ-கே லென்ஸும் பலன் தருகிறது. சுத்தம் தவறினால் கருவிழியில் தொற்று வரும் அபாயத்தை வீட்டாருக்கு விளங்கச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. விழித்திரை பாதிப்பு குறித்த கவலை தீராத நிலையில், பவர் ஏற்றத்தைக் குறைக்கும் என்று சொல்லப்படும் சிவப்பு ஒளிக் கருவிகளைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க அவசரப்படுவது தவறு.

கண்ணொளி காப்போம் திட்டம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துவருகிறது. பள்ளி முகாம்களின் பதிவேட்டில் முதல் கண்ணாடி போட்ட வயது என்றொரு பத்தியைச் சேர்த்தால், எந்தப் பகுதியில் அந்த வயது இறங்குகிறது என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். வசதியுள்ள மருத்துவமனைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் நீளத்தை அளந்து குறிக்கட்டும். பவர் மட்டும் பார்த்தால் சிகிச்சை பலிக்கிறதா என்பது தாமதமாகத்தான் தெரியும்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் காலை அமர்வு தலைமையாசிரியர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடைவேளையில் வகுப்பறையைப் பூட்டுவது, முதல் மூன்று வகுப்புகளுக்குத் தினம் ஒரு வெளிப்புறப் பாடவேளை, பி.டி. பீரியடைப் பிற பாடங்களுக்குக் கொடுப்பதில்லை என்ற உறுதி ஆகிய மூன்றில் எதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க முடியும் என்று அவர்கள் சொல்லட்டும். அட்ரோபின் அடர்த்தி பற்றிய விவாதம் பிற்பகலில். கருத்தரங்கு தொடங்குகிறது.