மருத்துவமனையும் ஒருமித்த நோக்கமும்



நாம் மருத்துவம் கற்றவர்கள் அல்லோம். புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள். ஆயினும், பல கைகள் கூடி ஒரு காரியத்தை முடிக்க என்ன வேண்டும் என்பதை நாம் நன்கறிவோம். கேட் காப்பவர், பாயிண்ட்ஸ்மேன், கார்டு, டிரைவர் ஆகியோர்க்கு வேலை வேறு, சம்பளமும் வேறு. வண்டி பழுதின்றி ஊர் சேர வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் ஒன்றே. அவ்வெண்ணம் ஒருவரிடம் தளர்ந்தாலும் ஏனையோர் உழைப்பு வீணாகும்.

மருத்துவமனையும் அத்தகையதே. சீட்டு எழுதுபவர் வரிசை முடிந்தால் போதும் என்றும், மருந்து தருபவர் நேரம் முடிந்தால் போதும் என்றும் கருதுமிடத்தில் எல்லாரும் உழைப்பர். நோயாளி மட்டும் நடுவில் நிற்பார்.

இதற்கு மாறான சான்று நம் திருப்பதியிலேயே உண்டு. 2019 முதல் அங்கு இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் வேர் மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவர்தம் விரல்கள் கோணியிருந்தன. தவிர்க்கத்தக்க குருட்டுத்தன்மையை ஒழிப்பதே அவர் கொண்ட நோக்கம். தங்கை மருத்துவர் நாச்சியார், அவர்தம் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமி முதலிய உறவினர் துணைநின்றனர்.

நோக்கத்தைச் சுவரில் எழுதிவைப்பது எளிது. அங்கோ அது வேலையின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. கிராமத்து இளம்பெண்கள் ஈராண்டுப் பயிற்சி பெற்றுப் பார்வையைச் சோதிக்கின்றனர்; நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்கின்றனர். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருக்கிறார். மிச்சமாகும் நேரம் இன்னொருவர்க்குப் பார்வையாகிறது. கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாய், ஏழையர்க்கு இலவச மருத்துவமாகிறது. கண்ணுள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தமையால், 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் அமைத்துத் தாமே செய்யத் தலைப்பட்டனர். 2006இல் வெங்கடசாமி மறைந்தார்; பணி நிற்கவில்லை. ஒருவர் நோக்கம் பலர் நோக்கமாகியிருந்தமையே காரணம்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நோக்கம் உயர்ந்தது என்று காட்டி ஊழியரின் கூலியைக் குறைப்பதும் ஓய்வை மறுப்பதும் தகா. அவ்விடத்தில் நோக்கம் மேலதிகாரியுடையதாகவே நின்றுவிடும், எல்லார்க்கும் உரியதாகாது.

அன்பர்களே! பிழைப்பு நாடி இங்கு வந்த நம்மவருள் முதியோர் சிலர், கண்புரையை மூப்பின் இயல்பென்று எண்ணியும், தெலுங்கில் சொல்லத் தயங்கியும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். கண்புரை அறுவையால் நீங்கக்கூடியது. சித்தூரில் வண்டி ஏறினால் பாகாலா வழியாகத் திருப்பதி சேரலாம். பெயரெழுத ஒருவர், உடன்செல்ல ஓர் இளைஞர், திரும்பிய பின் வேளைக்குச் சொட்டுமருந்து விட ஒரு தாய், இவ்வளவே தேவை. தமிழர், தெலுங்கர் என்று பாராது அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வோம். அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் படிக்கும் அறிக்கையில், வரவு செலவுக் கணக்கோடு பார்வை பெற்றோர் கணக்கும் இடம்பெறுவதாகுக!