விளக்கெரியும், பிளக் இயங்காது

பள்ளிவாசலில் 1940-இலும் மூலமட்டத்தில் 1976-இலும் உற்பத்தி தொடங்கிய நீர்மின் நிலையங்களால் இடுக்கி மலைகள் கேரளத்துக்கு ஒளியூட்டி வருகின்றன. ஆயினும் தேவிகுளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ நம் வீட்டு அடுப்படியில் சில வேளை விளக்கு எரியும். பிளக் பாயிண்டு மட்டும் இயங்காது.

அப்பொழுது நாம் முதற்கண் நோக்க வேண்டுவது பிளக்கையன்று, மெயின் பலகையை. அதில் பிரேக்கர் ஒன்று கீழிறங்கியிருக்கலாம். விளக்குகளும் அணைந்திருப்பின் இ.எல்.சி.பி. விழுந்திருக்கக்கூடும். வீடுகளுக்குரிய வகை 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மழைக்காலத்து ஈரம் புகுந்த கெட்டில் ஒன்றே அதற்குப் போதும். சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை மேலேற்றிப் பார்க்கலாம். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டுக. எதை மாட்டியதும் விழுகிறதோ, குற்றம் அதனுடையது. ஒன்றும் மாட்டாமலே விழுந்தால், மீண்டும் மீண்டும் ஏற்றலாகாது.

பிரேக்கர்கள் சரியாக இருக்கின்றன, டெஸ்டரும் ஒளிர்கிறது, மிக்ஸி மட்டும் ஓடவில்லை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். டெஸ்டர் பேஸ் கம்பியையே காட்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது ஒளிரும். அந்நிலையில் சுவிட்சைப் போட்டு வைத்தால், மிக்ஸியின் வழியே அறுந்த நியூட்ரலிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். ஓடவில்லையே என்று அதைத் திறந்து கைவைப்பவரின் உயிருக்கே ஆபத்து. பிளக்கைக் கழற்றி, மெயினையும் அணைத்து, உரிமம் பெற்ற வயர்மேனை அழைப்பதே முறை. பெரும்பாலும் தளர்ந்த திருகாணியோ கருகிய முனையோதான் காரணமாயிருக்கும்.

இ.எல்.சி.பி. இல்லாத பழைய வீடுகளில், நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியை இணைத்து மிக்ஸியை ஓடவிட்டுக் கூலி வாங்கிச் செல்லும் கைவைத்தியர்களும் உளர். அந்த எர்த் எங்கேனும் அறுந்தால், அதனுடன் இணைந்த இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி யாவற்றின் உலோக உடலிலும் மின்சாரம் ஏறும். அவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுக.