கிணற்று வேலையில் மேலிருப்போர் கடமை

(சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதி ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தொழிற்சாலை என்றால் அதற்கு ஒரு மானேஜர் உண்டு. விபத்து நேர்ந்தால் அவரைக் கேட்பார்கள். தூர் எடுக்கும் கிணற்றுக்கு மானேஜர் யார்? ஆளை அழைத்து வந்த மேஸ்திரியா, கிணற்றுக்குச் சொந்தக்காரரா, பொதுக் கிணறாயின் ஊராட்சித் தலைவரா, பணம் பட்டுவாடா செய்யும் நாமா? நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்தாவது மனிதர் கயிறில்லாமல் உள்ளே இறங்குகிறார். இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நமது பகுதி பாறைப் பூமி, கிணறுகள் ஆழமானவை. கவலை ஓட்டிய நாளில் தண்ணீர் தினமும் புரண்டது. ஆட்களும் இறங்கி ஏறினார்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபின் பழைய கிணறுகள் பல வருடக்கணக்கில் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. இலைதழையும் சேறும் அடியில் அழுகும்போது பிராணவாயு குறைந்து, கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கின்றன. இவ்விரண்டும் காற்றைவிடக் கனமானவையாதலால் அடியிலேயே தங்கும். மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிக்கும் இது பொருந்தும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். அளவு மிகுந்தால் அவ்வாயு மோப்ப உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் நின்றுவிட்டது என்பது நல்ல அறிகுறி அன்று.

2025 ஏப்ரல் 3-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில், கொண்டாவத் என்னும் கிராமத்தில், திருவிழாவுக்காகக் கிணற்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும் அவர்களைக் காக்க இறங்கியவர்களுமாக எட்டுப் பேர் மாண்டனர். முதலில் இறங்கியவர் விழுந்ததும், பாசம் தாளாமல் அடுத்தவர் இறங்கிவிடுகிறார். அந்த வேளையில், "இனி ஒருவரும் இறங்கக்கூடாது" என்று தடுக்கும் மனத்திடம் மேலே நிற்பவருக்கு வேண்டும். ஆனால் வெறும் வாய்ச்சொல்லை யார் கேட்பார்கள்? உள்ளே இருப்பவரின் மார்பில் வாரும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே இருவர் பிடித்திருந்தால், யாரும் இறங்காமலே இழுத்துவிடலாம். தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி சொல்லவும் அவகாசம் கிடைக்கும்.

எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது என்பது சரி. ஆனால் அணையாவிட்டால் பயமில்லை என்பது தவறு. நச்சு வாயு விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். எரியக்கூடிய வாயுவாயிருந்தால் அந்த விளக்கே தீப்பற்றவைக்கும். வாயு அளக்கும் கருவி வேண்டும். காற்று ஊதும் மோட்டார் வைத்து நெடுநேரம் காற்றுச் செலுத்த வேண்டும். செலவு உண்டுதான், வேலை மதிப்பீட்டிலேயே அதைச் சேர்த்துவிடுவது முறை.

நம் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பொதுக் கிணறு ஆழப்படுத்தும் வேலையைப் பார்வையிடச் சென்றோம். நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் கணக்குச் சரியா என்று அரைமணி நேரம் விசாரித்துவிட்டுத் திரும்பினோம். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மயங்கிய நிலையில் இருவரை மேலே தூக்கினார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார்கள். மேஸ்திரியைக் கண்டிக்க நமக்கு வாய் வரவில்லை. அதிகாரி எதைக் கேட்கிறாரோ அதைத்தானே வேலைத்தளத்தில் கவனிப்பார்கள்! நாம் கன மீட்டரைக் கேட்டோம். அவர்கள் கன மீட்டரைக் காட்டினார்கள்.

ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் செல்லாத மாநிலம் அரிது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயனற்ற ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை உயிருடன் மீட்க முடியாமற்போனதை நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழி சொல்லியிருக்கிறது. துளையிடுவதற்கு 15 நாட்களுக்கு முன் நில உரிமையாளர் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது வேலி போட வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகட்டாலோ உறுதியான மூடியாலோ அடைக்க வேண்டும். பம்பைப் பழுதுபார்க்கக் கழற்றினாலும் திறந்து விடக்கூடாது. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும். கிராமத்தில் இதைக் கண்காணிக்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவருக்கும் வேளாண்மைத் துறை அலுவலருக்கும் அந்நீதிமன்றம் அளித்தது. சாக்கைக் கட்டிக் கல்லைத் தூக்கி வைப்பது மூடி ஆகாது.

இனி நாம் வேலைத்தளத்துக்கு வரும்போது முதலில் கயிற்றையும் வாரையும் கேட்போம்; அளவுப் புத்தகம் அதன்பிறகு. நாம் கேட்க மறந்தால் நீங்கள் நமக்கு நினைவூட்டலாம்; அதற்காக வருத்தப்படமாட்டோம். உங்கள் ஊர் எல்லையில் வாய் திறந்து கிடக்கும் துளைகளைச் சர்வே எண்ணுடன் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். சொந்தத் தோட்டத்தில் உள்ளதை முதல் வரியில் எழுதுங்கள்.