விடை ஒத்துப் பார்த்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவிதையும் திறனாய்வும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இப்பொருளைப் பற்றி எண்ணத் தொடங்கும்போதெல்லாம் என் நினைவில் முதலில் எழுவது ஒரு கணக்கு. தமிழ் படித்தவள் கணக்கைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று வியக்க வேண்டா. எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்று வள்ளுவர் சேர்த்தே சொன்னார். பிற்காலத்தில் நாம்தாம் ஆளுக்கொரு கண்ணாகப் பிரித்துக்கொண்டோம்.

1997ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வை எழுதி முடித்துத் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஆறேழு பெண்கள் நிற்கிறோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்ரயில் ஓடிய காலம் அது. 1931இல் தொடங்கிய அந்த ஓட்டம் 2004இல்தான் நின்றது. வண்டி வரும்வரை எங்களுக்கு ஒரே வேலை: விடை ஒத்துப் பார்ப்பது. மடித்த வினாத்தாளை விரித்து, முதலில் ஒரு மதிப்பெண் வினாக்கள், பிறகு பத்து மதிப்பெண் கணக்குகள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உனக்கு என்ன வந்தது?"

அந்தக் கேள்வியின் பின்னே இருந்த அச்சத்தை இன்றைய இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கணிதத்திற்கு அன்று 200 மதிப்பெண். பொறியியல் கல்லூரியில் இடம்பெற அதனோடு நுழைவுத்தேர்வும் எழுத வேண்டியிருந்தது. அத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்துதான் நீங்கியது. 'கட்-ஆஃப்' என்னும் சொல்லைத் தாய்மார்களும் மனப்பாடமாக வைத்திருந்த நாள்கள். என் தோழி ஒருத்திக்குக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் சேர வேண்டும் என்பது கனவு. ரயில் குரோம்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் அவள் பேச்சு நின்றுவிடும். பார்வை சன்னலுக்குப் போய்விடும்.

அன்று ஒரு வகைக்கெழுச் சமன்பாடு கேட்டிருந்தார்கள். அதன் கடைசிப் படியில் சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டின் பெருக்கலைத் தொகையிட வேண்டும். எனக்கு வந்த விடை சைன் வர்க்கத்தில் பாதி. வேறு மூவருக்கும் அதுவே. தோழிக்கு வந்ததோ காஸ் வர்க்கத்தில் பாதி, முன்னே கழித்தல் குறியோடு. வகுப்பில் கணக்குக்கு முதலிடம் பெறுபவள் என்ற மிதப்பில் நான் சொன்னேன்: "உன்னது தப்புடி. குறியையே மாத்திப் போட்டிருக்க." மற்ற மூவரும் தலையசைத்தார்கள். நான்கு பேருக்கு எதிராக ஒருத்தி. அருகில் நின்ற இன்னொருத்தி வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது இரட்டைக் கோணத்தில் அமைந்த மூன்றாவது விடை என்பதும், என் தீர்ப்பைக் கேட்டு அவள் வாய்திறக்கவில்லை என்பதும் பின்னாளில் எனக்குத் தெரியவந்தன.

அடுத்து வந்த வேதியியல் தேர்வுக்கு என் தோழி வரவில்லை. அவளுடைய மேசை மூன்று மணிநேரமும் காலியாக இருந்தது. பத்து மதிப்பெண் போயிற்று, இனி எழுதி என்ன என்று அழுதுகொண்டே படுத்துவிட்டாள் என அவள் அம்மா சொன்னார்.

மதிப்பெண் பட்டியல் வந்தது. கணிதத்தில் அவள் என்னைவிட ஆறு மதிப்பெண் கூடுதல். நான் எங்கள் கணித ஆசிரியையிடம் ஓடினேன். அவர் ஒன்றும் விளக்காமல் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்து, "மூன்று விடையையும் வகையிட்டுப் பாரம்மா" என்றார். பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்திற்கு, அதாவது கேட்ட கேள்விக்கே, திரும்பி வந்தன. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூடினால் ஒன்று. ஆகவே என் விடைக்கும் தோழியின் விடைக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் அரை. மூன்றாவது விடைக்கும் எனக்கும் வேறுபாடு கால். எக்ஸ் எப்படி மாறினாலும் அந்த அரையும் காலும் மாறா, அவை மாறிலிகள். தொகையிடும்போதெல்லாம் விடையின் இறுதியில் 'சி' என்று ஒரு மாறிலியை எழுதி வைப்பது அதற்காகத்தான். அந்த எழுத்தை ஆயிரம் முறை எழுதியிருந்தேன்; அதன் பொருளை அன்றுதான் படித்தேன்.

அன்பர்களே, இக்கலைக்கு நுண்கணிதம் என்றும், அதன் இரு பிரிவுகளுக்கு வகை, தொகை என்றும் தமிழில் பெயர். தொகை நமக்குப் புதிய சொல்லா? தொகைநிலைத் தொடரில் உருபு மறைந்து நிற்கிறது. அதனை விரிப்பவர் மறைந்ததைத் தாமே வருவித்துக்கொள்ள வேண்டும். 'சொற்பொருள்' என்பதைச் சொல்லினது பொருள் என விரிக்கலாம். சொல்லும் பொருளும் என விரிக்கலாம். சொல்லின்கண் பொருள் எனவும் விரிக்கலாம். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை தரலாம் என்று நன்னூலார் இடமளித்திருக்கிறார். இலக்கணம் தந்த இந்த இடத்தை ரயில் நடைமேடையில் நான் என் தோழிக்குத் தரவில்லை.

இதனால் எவ்விடையும் சரி, எப்பொருளும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று எங்களுள் ஒருத்தி கழித்தல் குறியை உண்மையாகவே விட்டிருந்தாள். அவள் விடையை வகையிட்டால் வினாவுக்கு நேர் எதிரானது வரும். அது பிழைதான். சரியையும் பிழையையும் பிரித்துக் காட்டியது வினாவுக்குத் திரும்பிச் செல்லும் வழி ஒன்றே. எத்தனை பேருக்கு அவ்விடை வந்தது என்பதோ, சொன்னவள் முதல் மாணவியா என்பதோ அதற்குச் சான்றாகாது. கவிதைக்கும் அதுவே அளவுகோல் என்று நான் நம்புகிறேன். ஒருவர் கூறும் பொருளை எடுத்துக்கொண்டு பாட்டின் சொற்களுக்கே திரும்பிச் செல்லுங்கள். சொற்கள் இடம் தந்தால் அது நம் பொருளினின்று ஒரு மாறிலி அளவே வேறுபட்டது, தராவிட்டால் பிழை.

நம் உரையாசிரியர்கள் இதனை அறிந்திருந்தார்கள். தமக்குப் படும் பொருளை உரைத்தபின், 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தையும் பதிவு செய்தார்கள். ஒவ்வாததை மறுத்தபோது காரணம் காட்டி மறுத்தார்கள். குறளுக்கு மணக்குடவர் உரை இருக்கப் பரிமேலழகர் வேறு கண்டார். இன்றும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறோம். நுண்கணிதத்தைக் கண்டவர்களிடத்தே அந்தப் பெருந்தன்மை இல்லாமற் போனது வியப்பு. நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனி வழியில் அதனை அடைந்தவர்கள். ஆயினும் யார் முதல்வர் என்று வழக்காடினார்கள். நியூட்டன் தலைவராயிருந்த இராயல் கழகமே 1712இல் குழு அமைத்து அவருக்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்திய கதை அது.

என் குற்றம் 1997உடன் முடிந்துவிடவில்லை என்பதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற பின்பும், இவ்வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஓர் இளங்கவிஞர் ஒரு சங்கப் பாட்டுக்குப் புதிதாகப் பொருள் கூறியபோது, "அப்படிக் கொள்ள வழியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவர் வழக்கமாக அமரும் நாற்காலியைப் பார்த்தபோது வேதியியல் தேர்வின் காலி மேசை என் கண்முன் வந்தது. வீட்டிற்குச் சென்று பாட்டை எடுத்து அவர் கூறிய பொருளைச் சொல் சொல்லாக வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இடறியது; மற்றையவிடமெல்லாம் நின்றது. அவ்வாறே அவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் திரும்ப வந்தார். அந்த ஒரு கடிதத்தை என் திறனாய்வுப் பணியில் உருப்படியானது என்று கருதுகிறேன்.

தோழி பின்னர்த் தனித்தேர்வராக வேதியியல் எழுதித் தேறினாள். எம்.ஐ.டி. கிட்டவில்லை, அஞ்சல் வழியில் கணிதம் பயின்றாள். இன்று சேலையூரில் தன் வீட்டு மாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறாள். 2017இல் தரவரிசை அறிவிப்பு நின்றது. 2019 முதல் தாள் 100 மதிப்பெண் ஆயிற்று. ஆயினும் விடை ஒத்துப் பார்ப்பது ஓயவில்லை. பிள்ளைகள் இப்போது நடைமேடையிலும் கைப்பேசியிலுமாக ஒத்துப் பார்க்கிறார்கள். அவள் அவர்களுக்கு இட்டிருக்கும் கட்டளை ஒன்றுண்டு. எல்லாத் தேர்வும் முடியுமுன் விடை பேசலாகாது, முடிந்தபின் பேசினாலும், "உனக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாகாது. "நீ எப்படிப் போட்டாய்?" என்றுதான் கேட்க வேண்டும்.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்குள் நுழைகிறது. இங்கே தம் பாட்டோடு புதிதாக வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியதும் அக்கேள்வியே.