ஓசையின்றி உழைக்கும் வலுவழங்கி

முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடலின் கரையில் அமைந்தது வற்றாப்பளை. கண்ணகி அம்மன் கோயிலாலும் வைகாசி விசாகப் பொங்கலாலும் ஈழமெங்கும் பெயர்பெற்ற ஊர் அது. பொங்கலையொட்டிக் கடல்நீரிலே விளக்கெரியும் என்பது அவ்வூராரின் வழிவழி வந்த நம்பிக்கை. விளக்கின் அருமையை அவ்வாறு போற்றும் மக்கள், மின்விளக்கே இல்லாத நெடுங்காலம் ஒன்றையும் கடந்து வந்தவர்கள்.

1990களில் வன்னிப் பெருநிலத்துக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, மின்கலங்களுக்குத் தடை. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னைக் கொண்டு மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். சுற்றுபவர் களைத்தால் வானொலியின் குரலும் தளர்ந்தது. அளவு குன்றாத, ஒரே சீரான மின்சாரம் எத்துணை அரியது என்பதை அவர்கள் ஏட்டிலே படித்தறியவில்லை. தம் கைவலியாலேயே அறிந்தார்கள்.

2009இல் போர் முடிந்து, மக்கள் மீளக் குடியேறிய பின்னர் தேசிய மின்வலையமைப்பு இப்பகுதிக்குப் பரவிற்று. அதன் பின்னே மேசைக் கணினியும் வீடுகளுக்குள் வந்தது. மாணவரின் செயற்றிட்டமும், கடைக்காரரின் கணக்கும், சங்கங்களின் பதிவுகளும் அதிலே ஏறின. இடப்பெயர்வின்போது காணி உறுதியையும் சான்றிதழ்களையும் நிழற்படங்களையும் இழந்த குடும்பங்கள் பல. எஞ்சிய தாள்களைப் படியெடுத்துக் கணினியிலே காத்துவைக்கும் ஒருவருக்கு அந்தப் பெட்டி வெறும் பொறியன்று, பேழை. அப்பேழையின் உயிர்நாடியாக உள்ளதோ, அதன் பின்புறத்தே மறைந்திருக்கும் வலுவழங்கி. எனினும் கணினி வாங்குவோர் பலர் திரையையும் வேகத்தையும் ஆராய்வார்கள், வலுவழங்கியைக் கேட்பாரில்லை. விலையைக் குறைக்க விற்பவர் முதலிற் கைவைக்கும் உறுப்பும் பெரும்பாலும் அதுவே.

வலுவழங்கி செய்யும் பணி யாது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தருவதே. வெளியே மின்னழுத்தம் ஏறினும் இறங்கினும் உள்ளே அளவு பிசகலாகாது. முன்னாளிற் கைக்குப் பதிலாகக் கை மாற்றி டைனமோவைச் சுற்றியவரின் வேலையை இன்று இப்பெட்டி செய்கின்றது என்று கொள்ளலாம். அளவு பிசகினால், கணினி காரணமின்றி நின்றுபோகும். எழுதிக்கொண்டிருந்த கோப்புச் சிதையும். சில வேளைகளில் நினைவகத் தட்டும் கெடும்.

அமைதியான வலுவழங்கி வேறு, நம்பகமான வலுவழங்கி வேறு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அவ்வேர் வினைத்திறன். கணினிக்கு 100 வாற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 வினைத்திறனுள்ள வலுவழங்கி சுவரிலிருந்து 125 வாற்றை இழுத்து, 25 வாற்றை வெப்பமாக வீணாக்கும். நூற்றுக்கு 90 வினைத்திறனுள்ளது ஏறத்தாழ 111 வாற்றை இழுத்து, 11 வாற்றையே வெப்பமாக்கும். வெப்பம் பாதிக்கும் குறைந்தால், விசிறி மெல்லச் சுழன்றாற் போதும், ஓசை தணியும். உள்ளேயுள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகள், வெப்பம் 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழும். ஆகவே, ஓசை குறைவதற்கு எது காரணமோ, ஆயுள் நீள்வதற்கும் அதுவே காரணம்.

2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் சான்று இவ்வினைத்திறனை அளப்பது. வெண்கலம், வெள்ளி, பொன் எனத் தரங்கள் உண்டு. ஆயினும் அச்சான்றை மட்டும் நம்பி அமைதல் போதாது. அது ஓசையை அளப்பதில்லை. உழைக்கும் ஆயுளையும் அளப்பதில்லை. மேலும், அச்சோதனை ஏறத்தாழ 23 பாகை வெப்பத்தில் நிகழ்கின்றது. வன்னியின் கோடைப் பிற்பகலில் ஓட்டுக் கூரையின் கீழ் நிலவும் வெப்பம் அதுவன்று. எனவே, தன் முழு வலுவையும் 40 அல்லது 50 பாகை வெப்பத்திலும் தரவல்லது என்று ஆக்கியோர் உறுதிகூறும் வலுவழங்கியே இங்கு ஏற்றது. 105 பாகைக்குரிய கொள்ளளவிகள், 120 அல்லது 140 மில்லிமீற்றர் அகலமுள்ள விசிறி, ஐந்தாண்டுக்குக் குறையாத உத்தரவாதம் ஆகியவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பெரிய விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும். விசிறியே இல்லாத வகை முற்றும் ஓசையற்றதாயினும், காற்றோட்டமில்லாத வெப்பமான அறைக்கு அது உகந்ததன்று.

வாற்று எண்ணைக் கண்டு மயங்குவாரும் உளர். எழுதுவதற்கும் படிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் பயன்படும் கணினி 150 வாற்றைத் தாண்டுவது அரிது. அதற்கு 450 வாற்றுள்ள நல்ல வலுவழங்கி தாராளமாகப் போதும். 750 என்று பொறித்த மலிவான பெட்டி, அந்த எண்ணை உண்மையில் தாங்குமோ என்பதே ஐயம். மிக மிகக் குறைந்த சுமையில் வினைத்திறனும் வீழ்ந்துவிடும்.

இனி மின்தடையைப் பற்றி. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்றினால் தொடங்கியதாக அறிவிக்கப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கிற்று. நல்ல வலுவழங்கி, உள்ளே வரும் மின் அற்ற பின்னரும் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் வரை கணினியைத் தாங்கும். கண்ணிமைப்பதிலும் குறைந்த நேரமே எனினும், யூ.பி.எஸ். விழித்தெழுந்து சுமையை ஏற்க அது போதும். தரங்குன்றிய வலுவழங்கியோ, அந்த நொடிப்பொழுதைத் தாங்காது அணைந்துவிடும், யூ.பி.எஸ். இருந்தும் பயனில்லை.

புவித்தொடுப்பு மற்றொன்று. கணினியின் உலோகக் கூட்டைத் தொடும்போது விரலிற் சுள்ளென்று உறைத்தால், வலுவழங்கி பழுது என்று பலர் கருதுவர். பெரும்பாலும் வீட்டின் புவித்தொடுப்பு இல்லாமையே அதற்குக் காரணம். மணற்பாங்கான நிலம் உலர்ந்தால் புவிக்கம்பி நன்கு பயன்படாது. தகுதிவாய்ந்த மின்னியலாளரைக் கொண்டு அதனைச் சோதிப்பித்தல், புதிய பெட்டி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய செலவு. மின்னல் மிகும் பருவங்களில் செருகியைக் கழற்றிவைத்தலும் நன்று.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தூசு துடைப்பதற்கென்றும் வலுவழங்கியைத் திறத்தல் ஆகாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் தங்கியிருக்கலாம். காற்றுத் துளைகளை வெளியிலிருந்து துப்புரவு செய்தலே போதும். நந்திக்கடலின் உப்புக் காற்று வீசும் ஊரில், கணினியைத் தரையில் வைக்காது மேசைமேல் வைத்தல் மேலானது.

இத்தனையும் செய்தபின்னும், அரிய ஆவணங்களின் படியொன்றை வேறோர் இடத்திலும் காத்தல் அறிவுடைமை. எந்தப் பொறியும் என்றோ ஒரு நாள் ஓயும். ஆயினும் நல்ல வலுவழங்கியைத் தேர்ந்தவர் அந்நாளைத் தொலைவிலே தள்ளிவைக்கின்றார். டைனமோவைக் கையாற் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறையின் பிள்ளைகள், இரவின் அமைதியிலே விசிறியின் இரைச்சலின்றி, எழுதியது அழியுமோ என்னும் அச்சமின்றி, தம் பாடத்தை எழுதி முடிப்பதற்கு அது வழிசெய்யும்.